பொருள் வரைதலும் ஓய்வுக் காலமும்

(2025 ஏப்ரல் 30, அட்சய திரிதியை நாளன்று அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழாசிரியன் ஒருவனை மேடையேற்றினால் அவன் சீவக சிந்தாமணியைப் பற்றியோ நீலகேசியைப் பற்றியோ பேசுவான் என்று எதிர்பார்ப்பது இயல்பு. செயலாளர் அவர்களும் அவ்வாறு எண்ணித்தான் தலைப்புக் கேட்டார். "ஓய்வூதியம், வட்டி, வருமான வரி பற்றிப் பேசலாமா?" என்றேன். தொலைபேசியில் சிறிது நேரம் ஓசையே இல்லை. பிறகு, "ஐயா, விழா அட்சய திரிதியைக்கு அல்லவா?" என்று தயங்கிக் கேட்டார். அதனால்தான் இத்தலைப்பு என்று விடையிறுத்தேன்.

இன்று காலை நீங்கள் வந்த வழியிலெல்லாம் நகைக்கடைகளின் வாயிலில் கூட்டத்தைக் கண்டிருப்பீர்கள். சவரன் எழுபதாயிரம் ரூபாயைத் தாண்டிய பின்னும் அக்கூட்டம் குறையவில்லை. இந்நாளில் வாங்கிய பொன் பெருகும் என்பது நம்பிக்கை. நம் மரபில் இந்நாளுக்குரிய கதை வேறு. துறவு பூண்ட விருஷப தேவர் உண்ணாநோன்பை முடித்து ஊர் ஊராக எழுந்தருளியபோது, துறவிக்கு உணவளிக்கும் முறையை அக்கால மக்கள் அறிந்திருக்கவில்லை. தம் அரசர் வந்திருக்கிறார் என்று எண்ணிப் பொன்னையும் மணியையும் யானையையும் கன்னியரையும் கொண்டுவந்து முன்வைத்தனர். பகவான் எதையும் ஏறிட்டும் நோக்காமல் நடந்தார். அஸ்தினாபுரத்தில் இளவரசன் சிரேயாம்சன் ஏந்தி நின்ற கரும்புச்சாற்றைத்தான் ஏற்றார். ஆகவே நமக்கு இது முதல் தானம் நிகழ்ந்த நாள். முன்வைத்த பொன் மறுக்கப்பட்டதும் அந்தக் கதையில்தான் வருகிறது. அதைக் கேட்டு வளர்ந்த நம் வீட்டுப் பெண்டிரும் ஆடவரும் இன்று எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பதை நான் சொல்லவில்லை. என் இல்லத்தரசியார் இவ்வவையில் அமர்ந்திருக்கிறார்.

இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களுள் ஐந்தாவதைப் பரிக்கிரக பரிமாணம் என்பது வடமொழி வழக்கு. தமிழில் அதனைப் பொருள் வரைதல் என்பர். துறவிக்குப் பொருளே கூடாது. இல்லறத்தானுக்கு அவ்வாறு விதிக்கவில்லை. "உனக்கு எவ்வளவு வேண்டும் என்று நீயே அளவிட்டுச் சொல்; சொன்ன அளவைக் கடவாதே" என்பதுதான் விதி. இதில் வரும் 'வரைதல்' என்ற சொல்லை நாற்பதாண்டுக் காலம் எத்தனையோ செய்யுட்களில் கற்பித்திருக்கிறேன். எல்லைப்படுத்துதல், எழுதுதல், விலக்குதல், மணம் புரிதல் எனப் பல பொருள் அதற்கு உண்டு. ஓய்வுபெற்ற பின்னர்தான் முதல் இரண்டு பொருளும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது எனக்கு விளங்கிற்று. எழுதிப் பார்க்காதவனால் எல்லைப்படுத்த இயலாது.

உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இவ்விரதத்தின் வழுக்களைக் கூறுமிடத்து, எவ்வெப் பொருள்களில் அளவு மீறக்கூடாது என்பதையும் பட்டியலிடுகிறது. நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், பணியாளர், துணிமணியும் பாத்திரமும் போன்ற பிற என்று அந்தப் பட்டியல் செல்கிறது. இன்றைய வழக்கில் இதனைச் சொத்து விவரப் பட்டியல் என்போம். 2017இல் 58 வயதில் நான் ஓய்வு பெற்றபோது, இப்படியொரு பட்டியலை எழுதும்படி யாரேனும் கேட்டிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். எழுதத் தெரிந்திருக்காது என்பதே உண்மை. கிராமத்து நிலத்தின் பட்டா யார் பெயரில் இருந்தது என்பதையே ஓய்வுக்குப் பின்தான் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு அறிந்தேன். என் தந்தையார் மறைந்து பதினொரு ஆண்டுகள் கழிந்த பின்னும் அது அவர் பெயரிலேயே இருந்தது.

இனி, நான் சொல்ல வெட்கப்படும் ஒன்றைச் சொல்கிறேன். இதைச் சொல்வதற்காகவே இத்தலைப்பைத் தேர்ந்தேன்.

2021ஆம் ஆண்டின் இறுதியில் உறவினர் ஒருவர் வழியாக ஒரு நிதி நிறுவனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். லட்சம் ரூபாய்க்கு மாதம் ஆறாயிரம் தருவதாகக் கூறினர். நம் ஊர்ப்பக்கம் பலர் போட்டிருந்தனர். பணிக்கொடையிலிருந்து எடுத்து வைத்திருந்த ஆறு லட்சத்தை அங்கே செலுத்தினேன். முதல் மாதம் சொன்ன தேதியில் முப்பத்தாறாயிரம் வந்தது. இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதமும் வந்தது. என் தங்கை கணவரை இழந்தவள். இளைய மகளின் திருமணத்துக்கென்று மனையை விற்று நான்கு லட்சம் வைத்திருந்தாள். அதை எங்கே போடலாம் என்று என்னிடம்தான் கேட்டாள். நான் எங்கே போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். "நீங்க சொன்னா சரிதாண்ணா" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

எனக்கு ஏழு மாதமும் அவளுக்கு நான்கு மாதமும் வட்டி வந்தது. பின்னர் நின்றது. அலுவலகம் பூட்டிக் கிடந்தது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் அளித்தோம். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு என்பதை அந்த வரிசையில் நின்றபோதுதான் அறிந்தேன். என்னைப்போல் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் அவ்வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தோம்.

லட்சத்துக்கு மாதம் ஆறாயிரம் என்றால் ஆண்டுக்கு எழுபத்திரண்டாயிரம். எந்த நேர்மையான தொழில் அவ்வளவு ஈட்டித் தரும் என்ற கேள்வியை எட்டாம் வகுப்பு மாணவன்கூடக் கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. அந்த நிறுவனம் வைப்பீடு பெற உரிமம் உடையதா என்பதை ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையத்தளத்தில் தேடிப் பார்த்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

பணம் போனதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. கள்ளாமை விரதத்தின் வழுக்கள் ஐந்து என்று அதே ஏழாம் அத்தியாயம் கூறுகிறது. களவுக்குத் தூண்டுதல் முதலாவது; களவாடி வந்த பொருளைப் பெறுதல் இரண்டாவது. எனக்கு ஏழு மாதம் வந்த இரண்டு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் எங்கிருந்து வந்தது? எனக்குப் பின் வந்து போட்டவர்களின் முதலிலிருந்து வந்தது. என் தங்கையின் நான்கு லட்சத்திலிருந்தும் எனக்கு வட்டி வந்திருக்கலாம். நான் ஏமாந்தவன் மட்டும் அல்லன். அறியாமலேனும் பங்கு பெற்றவன். இதை எண்ணி எத்தனையோ நாள் சாமாயிகத்தில் மனம் நிலைகொள்ளவில்லை.

தங்கையின் பணத்தை நானே திருப்பித் தருவதாகச் சொன்னேன். மறுத்தாள். மூன்று மாதம் வழக்காடினோம். இறுதியில், "நான் வாங்கின வட்டி தொண்ணூத்தாறாயிரத்தைக் கழிச்சுக்குங்க, அப்படின்னா வாங்கிக்கிறேன்" என்றாள். மூன்று லட்சத்து நான்காயிரம் என்று முடிவாயிற்று. 2023 சனவரி முதல் மாதம் எட்டாயிரமாக என் ஓய்வூதியத்திலிருந்து செல்கிறது. இம்மாதத்தோடு 28 தவணை. மகளின் திருமணத்தை நகைக்கடன் வாங்கி நடத்தி முடித்தாள். அந்தக் கடனின் வட்டியை என்னிடம் ஒருபோதும் சொல்லவில்லை.

அதன் பின்னரே நீள நோட்டு ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தில் நிலம், வீடு, பொன், வங்கி, அஞ்சலகம் என்று சூத்திரத்தின் வரிசையைத் தழுவி எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் நாங்கள் இருவரும் ஒரு மாதம் வாழ உண்மையில் எவ்வளவு வேண்டும் என்பதை எழுதினேன். ஆறு மாதச் செலவைக் குறித்துப் பார்த்த பிறகே அந்த எண் கிடைத்தது. நான் மனத்தில் வைத்திருந்ததைவிட அது குறைவாக இருந்தது. மேலும் மேலும் வட்டி தேடி அலைந்தேனே, எதற்காக என்று அப்பக்கத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டேன்.

எஞ்சிய பணத்தை எங்கே வைப்பது? இதில் நான் சொல்வது பலரும் அறிந்ததே. ஆதலின் விரைந்து செல்கிறேன். 60 வயது நிரம்பியவர்கள் அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை வைக்கலாம். இப்போதைய வட்டி ஆண்டுக்கு 8.2 விழுக்காடு, காலாண்டுதோறும் கையில் வரும், ஐந்தாண்டு முடிந்தால் மும்மூன்று ஆண்டுகளாக நீட்டிக்கலாம். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் தனியாக 9 லட்சம், இருவர் பெயரில் 15 லட்சம். வங்கி வைப்பைப் பொறுத்தவரை, ஒரு வங்கியில் ஒருவருக்கு முதலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பதை நினைவிற்கொள்ளுங்கள். ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் பிரித்து வைத்தாலும் அந்த ஐந்துதான். கூட்டுறவு வங்கியில் அரை விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கிறதென்று முழுவதையும் அங்கே கொண்டுபோய் வைப்பவர்களை அறிவேன். அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

கைமாற்றும் புரோநோட்டும் நம் ஊர்களில் இன்னும் ஓயவில்லை. புரோநோட்டின் காலவரம்பு மூன்றாண்டு. அதற்குள் ஒரு சிறு தொகையேனும் வரவு வைத்துக் கையொப்பம் பெறாவிட்டால் அது வெறும் தாள். இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் பெறுவது வருமான வரிச் சட்டத்துக்கு மாறானது என்பதும் பலருக்குத் தெரியாது. பெற்ற தொகை அளவுக்கே தண்டம் உண்டு.

பங்குச் சந்தை பற்றி நான் அதிகம் அறியேன். பரஸ்பர நிதியில் சிறு தொகை வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஒவ்வொரு நிதியும் எந்தெந்த நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்கிறது என்ற பட்டியலை மாதந்தோறும் வெளியிடுகிறது. மது, புகையிலை, இறைச்சி, தோல் ஆகியவற்றால் பொருளீட்டும் நிறுவனம் அதில் உண்டா என்று ஒருமுறை பாருங்கள். பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர்கள், கிழங்கை விலக்குபவர்கள், தம் பணம் எங்கே சென்று என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

இனி வரிக்கு வருவோம். ஆதிபகவன் மக்களுக்குக் கற்பித்த தொழில்கள் ஆறு: அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம். அசி வாள், மசி மை. வாளுக்கு அடுத்த இடத்தில் எழுத்தையும் கணக்கையும் வைத்தார் பெருமான். கள்ளாமை விரதத்தின் ஐந்து வழுக்களுள் மூன்றாவதை இப்போது சொல்ல வேண்டும். விருத்தராஜ்ய அதிக்கிரமம் என்பது அதன் பெயர். நாட்டின் சட்டத்துக்கு மாறாக நடந்து பொருள் சேர்த்தல் என்று உரைப்பர். பொய்த் தராசும் கலப்படமும் அதற்குப் பின்னர்தான் வருகின்றன. வரி ஏய்ப்பைத் திறமை என்று பேசும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. நம் நூல் அதனைக் களவின் கூறாகத்தான் கருதுகிறது.

அச்சப்படுவதற்கும் அவ்வளவு ஒன்றும் இல்லை. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு மாத ஓய்வூதியம் 45,000, ஆண்டுக்கு 5,40,000. மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சம் வைத்திருக்கிறார், வட்டி 2,46,000. மொத்தம் 7,86,000. நடப்பு 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறைப்படி ஓய்வூதியத்திலிருந்து நிலைக்கழிவு 75,000 போக, மீதி 7,11,000. 12 லட்சம் வரையில் தள்ளுபடி உண்டாதலால் அவர் செலுத்த வேண்டிய வரி ஏதும் இல்லை. அவரே பழைய முறையைத் தேர்ந்தால்? நிலைக்கழிவு 50,000, மூத்தோர்க்குரிய வட்டிக் கழிவு 50,000 இரண்டும் போக 6,86,000 நிற்கும். வேறு சேமிப்புக் கழிவு எதுவும் இல்லையெனில், கல்வி, நல்வாழ்வு மேல்வரி உட்பட 49,088 ரூபாய் செலுத்த நேரும். பழைய பழக்கத்தால் பழைய முறையிலேயே இருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

வரி இல்லை என்பதும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டா என்பதும் ஒன்றல்ல. அவருடைய வருமானம் அடிப்படை வரம்பான 4 லட்சத்தைத் தாண்டியிருப்பதால் கணக்கு அளித்தே ஆகவேண்டும். 75 வயது கடந்து, ஓய்வூதியமும் அதே வங்கியின் வட்டியும் மட்டுமே உடையவர்கள் வங்கியில் உறுதிமொழி அளித்து இதிலிருந்து விலக்குப் பெறலாம். மற்றையோர்க்கு விலக்கு இல்லை. வட்டி ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் பத்து விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள். சென்ற ஆண்டு வரை இவ்வரம்பு 50,000 ஆக இருந்தது. வரி வாராதவர்கள் ஏப்ரலிலேயே 15எச் படிவம் கொடுத்துவிட்டால் பிடிக்க மாட்டார்கள். ஆண்டுதோறும் புதிதாகக் கொடுக்க வேண்டும். கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியே கொடுக்க வேண்டும். அப்படிவத்தில் இடும் கையொப்பம் ஓர் உறுதிமொழி. வரி வரும் என்று தெரிந்தும் அதைக் கொடுப்பவர் பொய்யாமை விரதத்தைச் சிறு தொகைக்கு விற்கிறார்.

முதிர்வில் மொத்தமாக வட்டி தரும் வைப்புகளுக்கு, பணம் கையில் வரும் ஆண்டில் வரி பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். வங்கி ஆண்டுதோறும் வட்டியை வரவு வைத்து வரித்துறைக்கும் தெரிவித்துவிடுகிறது. வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் ஆண்டுத் தகவல் அறிக்கை ஒன்று இருக்கும். அதைப் பார்த்த பின் கணக்கு எழுதுங்கள். நான் மறந்துபோன ஒரு வைப்புத் தொகையை எனக்கு நினைவூட்டியதே அந்த அறிக்கைதான்.

குடும்ப ஓய்வூதியம் பெறும் தாய்மார்களுக்கு ஒரு சொல். உங்களுக்கு 75,000 நிலைக்கழிவு இல்லை. குடும்ப ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இவற்றுள் குறைந்தது மட்டுமே புதிய முறையில் கழிவாகும். கணவர் இருந்தபோது போட்ட கணக்கையே பின்பற்றினால் பிழையாகிவிடும்.

நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் நம் அவையில் பொருளைப் பற்றிப் பேசி முடிக்க இயலாது. நாம் பெரும்பாலும் உழவர் குடி. வேளாண் வருமானத்துக்கு வரி இல்லை. மற்ற வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டியவர்கள் வேளாண் வருமானத்தைக் கணக்கில் காட்ட வேண்டும். வரி விகிதத்தைக் கணிக்க அதையும் சேர்த்துக்கொள்வர். நிலத்தை விற்கும்போதுதான் பெரும் குழப்பம். ஊரக வேளாண் நிலம் விற்ற ஆதாயத்துக்கு வரி இல்லை. எது ஊரகம்? நகராட்சி, பேரூராட்சி எல்லையிலிருந்து, அந்த ஊரின் மக்கள்தொகைக்கேற்ப 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். தாத்தா காலத்தில் வெறும் வயலாக இருந்த இடத்தின் அருகே இன்று நகராட்சி வந்திருக்கலாம். அப்படியாயின் நெடுங்கால ஆதாயத்தில் 12.5 விழுக்காடு வரி உண்டு. 2024 சூலை 23க்கு முன் நம் கைக்கு வந்த நிலமாயின், விலைவாசிக் குறியீட்டுச் சலுகையோடு 20 விழுக்காடு எனக் கணக்கிட்டு, இரண்டில் குறைந்ததைச் செலுத்தலாம். 12 லட்சம் வரை வரியில்லை என்று செய்தித்தாளில் படித்தோமே என்பீர்கள். அத்தள்ளுபடி இவ்வகை ஆதாயத்துக்குப் பொருந்தாது. நான் அறிந்த ஒருவர் அதை நம்பி, விற்ற பணம் முழுவதையும் வீடு கட்டச் செலவிட்டுவிட்டு இப்போது தவிக்கிறார்.

வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மீதி கையில் ரொக்கம் என்ற ஏற்பாட்டை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. வாங்குபவர் அதைத்தான் விரும்புகிறார், நாம் என்ன செய்வது என்பார்கள். அந்த ரொக்கத்தைக் கொண்டு கோயில் திருப்பணிக்கு நன்கொடை தருவதும் நடக்கிறது. அறக்கட்டளைப் பெருமக்கள் முன்னிலையில் இதைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திரர் இல்லறத்தானுக்குப் பதினொரு படிநிலைகளைக் கூறுகிறார். எட்டாவது, பணி, உழவு, வாணிகம் முதலிய தொழில்களை விடுதல். ஒன்பதாவது, உடைமையை விடுதல். பத்தாவது, உலகியற் செயல்களுக்கு இசைவு தருதலை விடுதல். நாம் யாரும் அப்படிகளில் முறையாக ஏறியவர்கள் அல்லர். நான் அறவே இல்லை. என்றாலும் வரிசையைக் கவனியுங்கள். அரசு ஆணை வந்து எட்டாவதை நமக்கு ஒரே நாளில் முடித்துவைத்துவிடுகிறது. ஒன்பதாவதைக் காலம் தாழ்த்துகிறோம். பத்தாவதை நினைப்பதே இல்லை. வீட்டில் எல்லாவற்றுக்கும் யோசனை சொல்வது ஓய்வுபெற்றவனின் உரிமை என்று எண்ணிக்கொள்கிறோம். என் தங்கைக்கு நான் சொன்னதும் ஒரு யோசனைதான். இப்போது யாரேனும் எங்கே பணம் போடலாம் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த அஞ்சலகத்தைச் சொல்வேன். அதற்கு மேல் கேட்டால், தெரியாது என்பேன். ஆசிரியனாக இருந்தவனுக்குத் தெரியாது என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை இங்குள்ள ஆசிரியப் பெருமக்கள் அறிவார்கள்.

உடைமையை விடுவதிலும் முறை உண்டு. பாசத்தால் ஒரே நாளில் வீட்டைத் தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டின் திண்ணையில் அயலாரைப்போல் அமர்ந்திருப்பவர்களைப் பார்க்கிறோம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவில், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது மீட்க வழி செய்கிறது. அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மகன் மீது ஐயம் என்று பொருளில்லை. பொதுவாக, கூடியவரை உயில் எழுதிவைத்து, வாழும் காலம் வரை வீட்டைத் தம் பெயரில் வைத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டா, பதிவும் கட்டாயமில்லை, சாட்சிகள் இருவர் வேண்டும். பதிவு செய்துவிட்டால் பின்னாளில் வழக்குக் குறையும்.

உயில் இல்லாமல் ஒருவர் மறைந்தால் என்ன ஆகும்? 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணருக்கும் பொருந்தும். ஆடவர் மறைந்தால் மனைவி, மகன், மகள், உயிரோடிருக்கும் தாய் ஆகிய ஒவ்வொருவருக்கும் சமபங்கு. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதற்கும் 2005இலும் திருத்தம் வந்தது. "சீர்வரிசை செய்தாயிற்று, அவளுக்கு ஏன் பங்கு" என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் கேட்கிறது. பொன்னாகக் கொடுத்ததைக் காட்டி நிலத்தை மறுப்பது எந்த விரதத்தில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை.

வங்கியில் நியமனதாரர் பெயரைக் கொடுத்துவிட்டால் போதும் என்றும் பலர் எண்ணுகின்றனர். நியமனதாரர் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டியவர், உரிமையாளர் அல்லர். ஒரு மகன் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனால், மற்றைய பிள்ளைகள் அவனிடம் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். இதனால் பேச்சு நின்றுபோன உடன்பிறப்புகளை நீங்களும் அறிவீர்கள்.

என் நீள நோட்டின் கடைசிப் பக்கங்கள் இல்லத்தரசியாருக்காக எழுதியவை. ஓய்வூதியக் கொடுப்பாணை எந்த உறையில் இருக்கிறது, குடும்ப ஓய்வூதியத்துக்குக் கருவூலத்தில் என்னென்ன தாள்கள் கேட்பார்கள், மருத்துவக் காப்பீட்டு அட்டை எண் என்ன, எந்த வங்கியில் இருவரும் கையொப்பமிட்ட கணக்கு உள்ளது, யாருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பவை அதில் உள்ளன. எழுதி முடித்து அவரிடம் படித்துக் காட்டியபோது, "இதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். ஒரு வாரம் கழித்து அவரே நோட்டை எடுத்து வந்து, உறையின் இடத்தை மாற்றியிருப்பதாகச் சொல்லித் திருத்தச் சொன்னார்.

கடன்பட்டிருப்போர் பகுதியில் இப்போது ஒரே ஒரு பெயர்தான் உள்ளது. எண்பதாயிரம் நிற்கிறது, எல்லாம் வல்ல அருகன் அருளால் பத்து மாதத்தில் முடியும்.

நடுப்பகல் உணவுக்குப் பின் மண்டபத்தின் கீழ்ப்புறத் திண்ணையில் அமர்ந்திருப்பேன். 15எச் படிவங்கள் ஐம்பது கொண்டுவந்திருக்கிறேன். நிரப்பத் தெரியாதவர்கள் நிரந்தரக் கணக்கு எண் அட்டையும் வங்கிப் புத்தகமும் கொண்டு வந்தால் உடனிருந்து எழுதித் தருகிறேன். நீள நோட்டுகளும் சில உள்ளன. மாலை உணவுக்குப் பொழுதோடு எழுந்துவிட வேண்டும்; ஆதலால் மூன்று மணிக்குள் வந்துவிடுங்கள்.